சட்டை கழற்றாத மாப்பிள்ளை

செப்டம்பர் 14, ஞாயிறு

நிச்சயம் முடிந்த கையோடு இரண்டு வீட்டாருமாகத் திருச்செந்தூர் போய் வந்தோம். வேன் ஏற்பாடு செண்பகாவின் அப்பா. கோவில்பட்டியிலிருந்து கிளம்பி, பாளையங்கோட்டையில் என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா செய்த புளியோதரையை அவர்கள் வீட்டில் எல்லோரும் புகழ்ந்தார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம்.

கோயில் வாசலில் ஆண்கள் சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். டிரான்ஸ்பார்மர் ஒன்று போய்விட்டது, விடாமல் கூப்பிடுகிறார்கள், நீங்கள் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருப்பதில் இது ஒரு வசதி. கரண்ட் போய்விட்டது என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

அவர்கள் வரும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செண்பகா மற்றவர்களுக்கு முன்பே வெளியே வந்து இலை விபூதியை நீட்டினாள்.

"உள்ள கூட்டமே இல்ல. இப்பவும் போயிட்டு வந்துரலாம். நா வேணும்னா போனப் பிடிச்சுக்கிடுதேன்."

"அடுத்த தடவை பாத்துக்கிடலாம்" என்றேன்.

அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். திரை அணைந்து கிடந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பெண்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எட்டாம் வகுப்பில் மற்றப் பையன்களுக்கு மீசை அரும்பியபோது எனக்கு மார்பு வளர்ந்தது. தானாகப் போய்விடும் என்றார்கள். போகவில்லை. கல்லூரியில் படித்தபோது சாப்பாட்டைக் குறைத்து, காலையில் ஓடி, கன்னம் ஒட்டும்வரை இளைத்தேன். எல்லா இடமும் வற்றியது, அது மட்டும் அப்படியே இருந்தது. இப்போது முப்பத்தொரு வயது. சட்டைக்கு உள்ளே இரண்டு பனியன். சித்திரை வெயிலில் துணைமின் நிலையத்தில் நின்றாலும் இரண்டு பனியன்தான். வேர்க்குரு முதுகெல்லாம் பழுத்துவிடுகிறது.

இன்றைக்கு போனில் ஒரு விளம்பரம் வந்தது. மதுரையில் ஒரு கிளினிக். கொழுப்பை ஊசி போன்ற குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவார்களாம். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பலாமாம். ஆண்களின் மார்புக்கும் செய்கிறார்கள்.

இதற்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை. எனக்கு வெயில் தாங்கவில்லை. அவ்வளவுதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். வீட்டுக்கு ஐயரை வரவழைத்து, துண்டைப் போர்த்திக்கொண்டே கொடுத்துவிட்டேன்.

தை மாதம் முகூர்த்தம் குறித்தாயிற்று. அம்மா அலமாரியிலிருந்து அப்பாவின் கல்யாணப் போட்டோவை எடுத்து வந்தாள். "தாலி கட்டும்போது மேல சட்ட போடக்கூடாது, பாத்துக்க. அங்கவஸ்திரம் மட்டுந்தான். ஒங்கப்பா எப்பிடி உக்காந்திருக்காங்க பாரு, ராசா கணக்கா."

பார்த்தேன். மதுரைக்குப் போன் செய்து சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

கிளினிக் பளபளவென்று இருக்கிறது. கண்ணாடிக் கதவு, நல்ல ஏ.சி., காபி கொடுக்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் படங்கள் காட்டினாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். கல்யாணம் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, தீபாவளிச் சலுகை இருப்பதாகச் சொன்னாள். நவம்பர் 8 காலியாக இருக்கிறது, விட்டால் போய்விடும் என்றாள்.

பிறகு டாக்டர் வந்தார். என்னைவிடச் சின்னவர் போல இருந்தார். சட்டையைக் கழற்றச் சொல்வாரே என்று பஸ் ஏறியதிலிருந்து பயந்துகொண்டு வந்தேன். அவர் சொல்லவே இல்லை. சட்டைக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான்தான் சர்ஜன். சிம்பிள் கேஸ் சார், நானே பண்ணிருவேன், அரை மணி நேரம்" என்றார்.

"மயக்க மருந்து கொடுப்பீங்களா?"

"சும்மா மரத்துப்போக ஊசிதான். பல்லு புடுங்கற மாதிரி."

இவ்வளவு பண்பான டாக்டரை நான் பார்த்ததில்லை. முன்பணம் கட்டிவிட்டேன்.

காத்திருக்கும் இடத்தில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். ஜெபராஜ். தூத்துக்குடியில் படகு இன்ஜினுக்கு உதிரி பாகம் விற்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். முன்னால் தள்ளிய பெரிய வயிறு.

"எனக்கு இருவத்தஞ்சாவது கல்யாண நாள் வருதுவே. கல்யாணத்துக்குத் தச்ச கோட்டு இன்னும் பெட்டியில கெடக்கு. அதே கோட்டப் போட்டுக்கிட்டு ரோஸ்லின் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுக்கணும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. கம்பெனி மீட்டிங்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." கோட்டு பொத்தான் போடும் பாவனையில் விரல்களைக் கோத்துக் காட்டி, வயிறு குலுங்கச் சிரித்தார். "நீரு எதுக்கு வந்தீரு?"

"கல்யாணம்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நம்பர் கொடுத்தார். அவருக்கு எனக்கு முன்பே நாள் குறித்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று செண்பகா இரண்டு முறை கூப்பிட்டிருந்தாள். நாள் முழுக்க டூட்டி என்று சொன்னேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

செண்பகா ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர். காலாண்டுப் பரீட்சை விடுமுறை முடிவதற்குள் ஒரு நாள் திருநெல்வேலி வந்து முகூர்த்தப் புடவை பார்க்கலாமா, நீங்களும் கூட வருகிறீர்களா என்று கேட்டிருந்தாள். வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். புடவைக்கடையில் மாப்பிள்ளைக்கும் சட்டை அளவு எடுப்பார்கள். அவளும் என் அம்மாவும் மட்டும் போய் எடுத்திருக்கிறார்கள். அரக்கு நிறமாம். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இப்போதெல்லாம் போனில் அவள் அதிகம் பேசுவதில்லை. பேப்பர் திருத்துகிற அலுப்பாக இருக்கும்.

ஜெபராஜ்தான் தினமும் பேசுகிறார். கோட்டை வெயிலில் காயப் போட்டு எடுத்து, பாச்சை உருண்டை நாற்றம் போக உதறி வைத்திருக்கிறாராம். ரோஸ்லின் கேட்டதற்குப் பூச்சி அரிக்கிறது என்று சொல்லிவிட்டாராம்.

அக்டோபர் 11, சனி

சாயங்காலம் ஜெபராஜ் காரிலிருந்து கூப்பிட்டார். குரல் குழறியது.

"முடிஞ்சிட்டுவே. வயிறு, இடுப்பு, முதுகு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல எடுத்துட்டாங்க. ஒம்பது லிட்டராம். இங்க இதுவரைக்கும் யாருக்கும் இவ்வளவு எடுக்கலையாம். டாக்டரே ரெக்கார்டுன்னாரு."

"வலி இருக்கா?"

"பெல்ட்டு ஒண்ண இறுக்கிக் கட்டியிருக்காங்க. சீட்டெல்லாம் ஈரமாயிட்டு. ஊறி வரத்தான் செய்யும்னாங்க. தூத்துக்குடி போயித்தான் படுக்கணும்."

ஒன்பது லிட்டர். வீட்டில் தண்ணீர் பிடிக்கிற சின்னக் குடத்தைப் பார்த்தேன். இவ்வளவும் ஒரு மனிதனுக்குள் இருந்ததா என்று நினைத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜெபராஜ் படுத்தே இருக்கிறார். இடது கெண்டைக்கால் கடுக்கிறதாம். கிளினிக்குக்குப் போன் செய்தால் அந்த வெள்ளைக் கோட்டுப் பெண் எடுத்து, ஜூஸ் குடிக்கச் சொல்லிவிட்டுத் தூங்கச் சொன்னாளாம். டாக்டர் லைனில் வரவில்லை. இப்படிப் படுத்துக் கிடப்பதற்கு ரோஸ்லினிடம் என்ன காரணம் சொன்னீர்கள் என்று கேட்டேன். "குடல்வாலு ஆபரேஷன்னு சொல்லியிருக்கேன்" என்றார். அதற்குச் சிரிக்க முயன்று மூச்சு வாங்கினார்.

அக்டோபர் 14, செவ்வாய்

இரண்டு நாளாக அவர் கூப்பிடவில்லை. இன்று நானே கூப்பிட்டேன். ஒரு பெண்குரல்.

"யாரு? போன்ல 'மதுரை நாயகம்'னு வருது. நீங்கதான் அந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிச்சு விடுதவரா?"

"இல்லம்மா. எம்பேரு நெல்லைநாயகம். அவரு சேக்காளி."

"சேக்காளியா? அப்போ உங்களுக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது." அழுகிற குரல் இல்லை. வறண்டுபோன குரல். "நேத்து காலையில பாத்ரூமுக்கு எந்திரிச்சவரு மூச்சு முட்டி விழுந்துட்டாரு. ஐ.சி.யூ.ல இருக்காரு."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

லீவு போட்டுவிட்டுத் தூத்துக்குடி போனேன். அம்மாவிடம் ஆபீஸ் மீட்டிங் என்றேன். சொன்ன பிறகுதான் இதையேதான் ஜெபராஜும் சொன்னார் என்று ஞாபகம் வந்தது.

ரோஸ்லின் அக்கா ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உருவம். கையில் ஜெபமாலை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கால்ல ரத்தம் உறைஞ்சு, அது போயி நுரையீரல அடைச்சிருக்காம். இவ்வளவு எடுத்த ஆள ஒரு ராத்திரிகூட வச்சுப் பாக்காம கார்ல மடக்கி உக்கார வச்சு அனுப்பிருக்காங்கன்னு இங்க உள்ள டாக்டர் அப்பிடி ஏசுதாரு. என்ன மருந்து போட்டீங்க, எவ்வளவு போட்டீங்கன்னு மதுரைக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. அவன் பதில் சொல்ல முழிக்கான். நீ என்ன படிச்சிருக்கன்னு இந்த டாக்டரு சத்தம் போட்ட பெறவுதான் சொல்லுதான், பல் டாக்டராம். போர்டுல பேர் போட்டிருக்க சர்ஜன் மாசத்துக்கு ஒரு நாள் வருவாராம்."

பல் டாக்டர். எனக்கும் அவர்தான் செய்வதாக இருந்தது. 'பல்லு புடுங்கற மாதிரி' என்று சொன்னது காதில் ஒலித்தது.

"நீங்களும் அங்கதான் போனீங்களா?" அக்கா கேட்டார்.

"ஆமாக்கா."

"எதுக்கு?"

"ஒடம்பு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் நர்ஸ் ஒரு மருந்துச் சீட்டோடு வந்தாள். நானே வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். மூக்கிலும் வாயிலும் குழாய். போர்வைக்கு மேல் அந்த வயிறு இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. மூன்று இடத்தில் கம்பி அறுந்தது. சாப்பிட நேரமில்லை. ஜெபராஜ் அப்படியேதான் இருக்கிறார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா சுசியம் சுட்டாள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். ரோஸ்லின் அக்கா போன் செய்து, ஜெபராஜ் கண்ணைத் திறந்து கையை அசைத்தார் என்றார். இன்றைக்கு நல்ல செய்தி அதுதான்.

மத்தியானம் செண்பகா கூப்பிட்டாள். வாழ்த்துச் சொன்னாள். பிறகு, "ஒண்ணு கேக்கட்டா? இந்தக் கல்யாணம் ஒங்களுக்கு விருப்பந்தானா?" என்றாள்.

"ஏன் இப்பிடிக் கேக்குத?"

"சும்மாதான் கேட்டேன்."

தெருவில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. சரியாகக் கேட்கவில்லை, பிறகு பேசுகிறேன் என்று வைத்தேன். கல்யாணம் நெருங்கினால் பெண்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும் போலிருக்கிறது.

அக்டோபர் 25, சனி

மாதாந்திரப் பராமரிப்பு. வயர்மேன் அந்தோணி ஏணியைச் சாய்த்துவிட்டு, "லைன் ஆஃப்தான் சார், ஏறட்டுமா?" என்றார். ஆஃப் என்று யார் சொன்னது, யார் போய்ப் பார்த்தது, எர்த் பண்ணியாயிற்றா என்று கேட்டேன். துணைமின் நிலையத்திலிருந்து சொன்னார்கள் என்றார். நானே போய்ப் பார்த்து, மிச்சக் கரண்ட் தரைக்குள் இறங்க எர்த் ராடு மாட்டிய பிறகுதான் ஏறவிட்டேன். அரை மணி தாமதம். ஜனங்கள் போன் செய்து திட்டினார்கள். திட்டட்டும்.

மதுரையிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். "எட்டாந்தேதி கன்பர்ம் தானே சார்?" பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. ஜெபராஜுக்கு ஒன்பது லிட்டர். எனக்கு மிஞ்சிப்போனால் ஒரு டம்ளர் இருக்குமா? அவருக்கு வயது வேறு. இரண்டும் ஒன்றல்ல. தைக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

அக்டோபர் 29, புதன்

ஜெபராஜை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். போனேன்.

ஆள் பாதியாகிவிட்டார். தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து அழுகி, அதை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் புண்ணைப் பார்ப்பதற்காகத் திருநெல்வேலியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வந்து போகிறார். டாக்டர் ஹமீதா பானு. நான் போனபோது அவர் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். வெளியே நின்றேன். ஜெபராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவது கேட்டது.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். ரோஸ்லின் அக்கா இளநீரை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோட்ட தையக்காரன்ட்ட குடுத்து, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிரிச்சு விட்டிருந்தாப் போதும்வே" என்றார் ஜெபராஜ். "அஞ்சு நிமிச வேல."

"போட்டோவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வாயத் தொறங்க" என்றார் அக்கா.

அக்கா கை கழுவப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமில்லை. "நீரு போகலல்லா?"

நான் இளநீர் டம்ளரை மேஜையில் நகர்த்தி வைத்தேன்.

"எட்டாந்தேதின்னீரே. வேண்டாம்னு சொல்லிட்டீரா இல்லையா?"

"இன்னும் சொல்லல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. நான் துடைத்துவிட்டேன். தாழ்வாரத்துக்கு வந்து மதுரைக்குப் போன் செய்து, நான் வரவில்லை என்றேன். காரணம் கேட்டாள். ஜெபராஜின் பேரைச் சொன்னேன். போன் வைக்கப்பட்டுவிட்டது.

டாக்டர் ஹமீதா பானு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நீங்க அவருக்குத் தம்பியா?"

"இல்ல மேடம். அதே கிளினிக்ல எனக்கும் நாள் குறிச்சிருந்தாங்க. இப்பத்தான் கேன்சல் பண்ணினேன்."

ஒரு கணம் நின்றார். "திங்கக்கிழமை என் ஓ.பி.க்கு வாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிறீங்களோ இல்லையோ, என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

நவம்பர் 3, திங்கள்

சாதாரணமான ஆஸ்பத்திரி. மின்விசிறி சத்தம் போடுகிறது. காபியெல்லாம் இல்லை. டாக்டர் முதலில் சொன்னதே, "சட்டையக் கழட்டுங்க" என்பதுதான்.

சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

"பனியனையும்." கழற்றினேன். "இன்னொண்ணு இருக்கா? அதையும்."

முப்பத்தொரு வயதில் முதல்முறையாக ஒருவர் முன்னால் அப்படி உட்கார்ந்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தார். எப்போதிலிருந்து, வலி உண்டா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா, ஜிம்மில் பவுடர் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டேனா, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைகிற கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேட்டார்.

"சும்மா கொழுப்பு மட்டும் இல்ல. காம்புக்குக் கீழ கெட்டியா இருக்கு பாருங்க, அது சுரப்பி. குழாயால உறிஞ்சினா அது வராது. தனியா வெட்டி எடுக்கணும். அவங்க இதைத் தொட்டே பாக்கலையா?"

"சட்டையக் கழட்டச் சொல்லல."

"அதுலேயே நீங்க எழுந்து வந்திருக்கணும்."

மதுரையில் எனக்கு நிம்மதியாக இருந்ததே அதுதான் என்று அவரிடம் சொல்லவில்லை.

பிறகு அவரே, "நீங்க என்கிட்ட ஒண்ணும் கேக்கலையே?" என்றார்.

"என்ன கேக்கணும் மேடம்?"

"நான் என்ன படிச்சிருக்கேன்னு கேக்கணும். எம்.பி.பி.எஸ். முடிச்சு, சர்ஜரி முடிச்சு, அதுக்கு மேல பிளாஸ்டிக் சர்ஜரின்னு தனியாப் படிச்சவளான்னு கேக்கணும். மெடிக்கல் கவுன்சில்ல என் பேர் இருக்கான்னு நீங்களே தேடிப் பாக்கணும். கத்தி பிடிக்கப்போறது நானா வேற ஆளான்னு கேக்கணும். மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரான்னு கேக்கணும். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா பக்கத்துல ஐ.சி.யூ. இருக்கான்னு கேக்கணும். கேட்டா எந்த நல்ல டாக்டருக்கும் கோவம் வராது. வந்துச்சுன்னா வேற இடம் பாருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நானே பண்ணினாலும் ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரத்தம் கட்டலாம், சீழ் வைக்கலாம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாம போகலாம். குறைச்சலா வர்ற மாதிரி பாத்துக்குவேன், வந்தாச் சமாளிக்கத் தெரியும். வித்தியாசம் அதுதான்."

"தை மாசம் கல்யாணம் மேடம். அதுக்குள்ள..."

"பண்ண மாட்டேன்." உடனே சொன்னார். "ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பாக்கணும். பண்ணினா ஒன்றரை மாசம் இறுக்கமான உடுப்பு போடணும். வீக்கம் வடிய மூணு மாசம் ஆகும். கல்யாண அவசரத்துக்குப் பண்ற ஆபரேஷன் இல்ல இது. கல்யாணம் முடியட்டும், மெதுவா யோசிச்சுட்டு வாங்க. வர்றப்போ தனியா வராதீங்க."

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 8, சனி

காலையில் எழுந்ததும் மதுரை பஸ்ஸில்தான் ஏறினேன். கோவில்பட்டியில் இறங்கினேன்.

செண்பகாவுக்கு இன்று பள்ளிக்கூடம். வாட்ச்மேன் சொல்லி அனுப்ப, அவள் கையில் சாக்பீஸ் தூளோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது. மைதானத்து ஓரத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் கோ-கோ விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நேர்ல வந்து சொல்லணும்னு நெனச்சீங்கல்லா, அது போதும்" என்றாள். "சொல்லுங்க. நா ஒண்ணும் அழ மாட்டேன்."

அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் என் போக்கில் ஆரம்பித்தேன். மார்பு, இரண்டு பனியன், மதுரை, ஜெபராஜ், பல் டாக்டர், கட்டுப் பிரித்த சத்தம், எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் வாசலில் ஏன் நின்றேன் என்பதையும் சொன்னேன். தலையைத் தூக்கவே இல்லை. சொல்லி முடித்தபோது கோ-கோ ஆட்டம் முடிந்து வேறு பிள்ளைகள் வந்திருந்தார்கள்.

செண்பகா கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள்.

"அன்னைக்கு ஒங்க போன் அணைஞ்சு கெடந்துச்சு. எங்கூட சாமி முன்னால நிக்கப் பிடிக்கலன்னு நெனச்சேன். புடவைக்கு வரல, கூப்பிட்டா எடுக்கல. எங்க அம்மை பாத்த கண்ணுக்கு மாப்பிள்ளைக்கு வேற எங்கயோ மனசு இருக்குன்னு பட்டுச்சு. கல்யாணத்த நிறுத்திருவோம்னு நேத்துதான் அப்பாட்ட சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு ஒங்க வீட்டுக்கு வந்து பேசுறதா இருந்தாங்க."

பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாளில் அவள் கோபத்தை நான் பார்த்ததே இல்லை. "இதுக்காகவா போயி சாகப் பாத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? நா ஒங்க நெஞ்சையா கட்டிக்கிடப் போறேன்?" சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. பிள்ளைகள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மணி அடித்தது. எழுந்தாள்.

"பெறகு ஆபரேஷன் பண்ணணும்னா பண்ணிக்கிடுங்க. ஒங்களுக்கு வேணும்னு பண்ணுங்க. எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்பாட்ட நா என்னன்னு சொல்லட்டும்?"

"நா சொல்லுதேன்."

நவம்பர் 9, ஞாயிறு

செண்பகாவின் அப்பா வந்தார். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர், மண்டபத்துக்குச் சமையல்காரரை மாற்றியிருப்பதாகச் சொன்னார். அம்மா அவருக்குக் காபி போட எழுந்து போனாள். அடுக்களையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

நவம்பர் 13, வியாழன்

ரத்தப் பரிசோதனையில் கோளாறு ஒன்றுமில்லை. மழை விடவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

ஜெபராஜ் வீட்டுக்கு வந்து சில வாரம் ஆகிறது. போய்ப் பார்த்தேன். கைத்தடி பிடித்து முற்றம்வரை நடக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. கல்யாண நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்துவிட்டது.

ரோஸ்லின் அக்கா சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதியிருக்கிறார். கிளினிக்காரர்கள், அவர் ஏற்கெனவே சீக்காளி, அதை மறைத்துவிட்டார், ஆபரேஷன் செய்தது வெளியிலிருந்து வந்த சர்ஜன்தான் என்று பதில் கொடுத்திருக்கிறார்களாம்.

"அந்தப் பையன் தன்னத்தான் சர்ஜன்னு சொல்லிக்கிட்டு ஒங்களயும் பாத்தான்லா" என்றார் அக்கா. "எனக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு தெரியாது. இவரு சொன்னா, மயக்கத்துல இருந்தவர் பேச்சும்பாங்க. நீங்க வந்து சொன்னாத்தான் நிக்கும்."

"கல்யாணம் வருதுளா. அவர எதுக்கு இழுக்க?" என்றார் ஜெபராஜ்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. விசாரணை என்றால் எதற்குப் போனாய் என்று கேட்பார்கள். பத்துப் பேர் இருக்கிற அறையில் கேட்பார்கள்.

டிசம்பர் 17, புதன்

வருகிறேன் என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சட்டையில்லாமல் அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்தேன். அம்மாவின் சித்தப்பா ஒருவர், "மாப்பிள்ளைக்கு நல்ல சாப்பாடு போல" என்று சத்தமாகச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். செண்பகா என் பக்கம் சாய்ந்து, "ஓமப் பொகை கண்ணுல அடிக்கி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். தள்ளி உட்கார்ந்தேன். தாலி கட்டினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மதுரையில் விசாரணை. செண்பகா லீவு போட்டுவிட்டு உடன் வந்தாள். ஜெபராஜும் ரோஸ்லின் அக்காவும் வாடகைக் காரில் வந்திருந்தார்கள். கிளினிக்கின் அறுவை அறையை அதிகாரிகள் போன மாதமே பூட்டிவிட்டார்களாம். மற்றது விசாரணைக்குப் பிறகு.

அறையில் மருத்துவ அதிகாரிகள் மூன்று பேர், தட்டச்சு செய்ய ஓர் அம்மா, கிளினிக்கின் வக்கீல், அந்த டாக்டர். வெள்ளைக் கோட்டு இல்லாமல் அவர் இன்னும் சின்னவராகத் தெரிந்தார். என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் எழுந்தார். "இவரு ட்ரீட்மெண்டே எடுத்துக்கலையே சார். இவருக்கும் இந்தக் கேஸுக்கும் என்ன சம்பந்தம்? அன்னைக்கு அங்க எதுக்குப் போனாரு? போட்டிக் கிளினிக் அனுப்பின ஆளா இருக்கலாம்."

தலைமை அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அதச் சொல்லிருங்க. நீங்க எதுக்குப் போனீங்க?"

பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குப் பொம்பளைங்களுக்கு மாதிரி மார்பு இருக்கு சார். சட்டையக் கழட்ட வெட்கப்பட்டுக்கிட்டே இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால எடுத்துரலாம்னு போனேன். இந்த டாக்டருதான் என்னையப் பாத்தாரு. தானே செய்யப்போறதாச் சொன்னாரு. தொட்டுப் பாக்கல, ஒரு கேள்வி கேக்கல, அரை மணி நேரம்னாரு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. தட்டச்சு சத்தம் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. அந்த அம்மா தயக்கத்தோடு நிமிர்ந்தார்.

"சார், அத நெஞ்சுப் பகுதின்னு போட்டுக்கட்டுமா? கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

"மார்புன்னே போடுங்கம்மா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடித்தார். தாள் வெளியே வந்ததும் ஒரு தடவை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.